பேப்பர் வாங்குறவங்களும் பசை வாங்குறவங்களும்

ஸ்க்ராப்புக், அதாவது போட்டோ ஒட்டி அலங்காரம் பண்ற ஆல்பம், அதுக்கான சாமான் விக்கிற ஆன்லைன் கடை நடத்துற யார்கிட்ட வேணாலும் எது நல்லா ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க, யோசிக்காம பேப்பர்னுதான் சொல்வாங்க. பேட்டர்ன் பேப்பர், கார்ட்ஸ்டாக்னு சொல்ற கனமான அட்டைப் பேப்பர், அதுக்கு மேட்ச்சா வர்ற ஸ்டிக்கர் ஷீட், வடிவமா வெட்டியே வர்ற டை கட் பாக்கெட். புது கலெக்‌ஷன் லைவ் ஆகுற அன்னைக்கு ஃபோன் ஓயாது. பசை, டேப், ஆல்பம் பக்கத்த உள்ள போட்டு வெக்கிற கண்ணாடிக் கவரான பேஜ் ப்ரொடெக்டர் இதெல்லாம் சைட்டுல கடைசில எங்கேயோ கெடக்கும், அதோட போட்டோ கூட ஏனோதானோன்னுதான் எடுத்துப் போட்டிருப்போம், டபுள் சைடு டேப்ப எந்த ஆங்கிள்ல எடுத்தாலும் அது டேப்தானே. ஆனா இப்பல்லாம் ஒரு கஸ்டமர் உண்மையிலேயே ஆல்பம் பண்றாங்களா இல்ல வாங்கி வாங்கி அடுக்குறாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னா நான் பேப்பர் ஆர்டர பாக்குறதே இல்ல, டேப் ரீஃபில் எத்தன தடவ வாங்கியிருக்காங்கன்னுதான் பாக்குறேன். பேப்பர் ஆசைக்கு வாங்குறது, பசை தீர்ந்தாத்தான் வாங்குவாங்க.

இந்தப் பழக்கம் வந்ததுக்குக் காரணம் ஒரு மெசேஜ். ரொம்ப நாளா வாங்கிட்டிருக்குற ஒருத்தங்க, "அக்கா, பிரிக்காத பேப்பர் இருந்தா திரும்ப எடுத்துப்பீங்களா? பணம் வேணாம், புதுசு வர்றப்ப கழிச்சுக்கிட்டா போதும்"னு கேட்டு கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. ஒரு ஷெல்ஃப் முழுக்க 12 இன்ச் பேக், புத்தகம் மாதிரி நெட்டுக்க நிக்க வெச்சு, கலெக்‌ஷன் வாரியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் லேபிள் ஒட்டி. எங்க கடை பேக்கிங்ல கவர் மடிப்பு மேல ஒரு ரவுண்ட் ஸ்டிக்கர் ஒட்டுவோம், அதக் கிழிக்காம கவரத் திறக்க முடியாது. அந்த ஷெல்ஃப்ல அந்த ஸ்டிக்கர் ஒண்ணு கூட கிழியல. நான் சூம் பண்ணி சூம் பண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு கலெக்‌ஷனும் எனக்கு ஞாபகம் இருக்கு, எதுக்கு எவ்ளோ டிமாண்ட் இருந்துச்சு, எது தீர்ந்து போச்சுன்னு எத்தன பேரு வருத்தப்பட்டாங்கன்னு. அவ்ளோ அடிச்சுப் புடிச்சு வாங்கினது எல்லாம் அங்க அப்படியே நிக்குது.

## ஒரு பேக்குக்கு எத்தன ரோல்

திரும்ப எடுக்குறதா வேணாமான்னு முடிவு பண்ண அவங்க ஆர்டர் ஹிஸ்டரிய திறந்தேன். பேப்பர் பேட், ஸ்டிக்கர், பேப்பர் பேட், டை கட், திரும்ப பேப்பர் பேட்னு ஸ்க்ரோல் போயிட்டே இருக்கு. முதல் ஆர்டர்ல மட்டும் ஒரு டேப் ரன்னர், அதாவது கையில புடிச்சு இழுத்தா பசை டேப் ஓட்டுற கருவி, உள்ள 8 மீட்டர் ரோல். அதுக்கப்புறம் பசைங்குற பேச்சே இல்ல. அப்பதான் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன், நீங்களும் போட்டுப் பாருங்க. ஒரு 4க்கு 6 போட்டோவோட சுத்தளவு 20 இன்ச், அதாவது அரை மீட்டர் சொச்சம். நாலு பக்கமும் ஒட்டாம நீளமான ரெண்டு பக்கத்துல மட்டும் ஓட்டினாலும் 30 சென்டிமீட்டர் போகும். போட்டோவுக்குப் பின்னாடி ஒரு மேட், அதாவது சுத்தி ஓரம் தெரியற மாதிரி ஒரு பேப்பர் வெச்சா அதுக்கும் அதே அளவு. ஒரு பக்கத்துல மூணு போட்டோன்னு வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர், தலைப்பு, சின்னச் சின்ன துண்டு பேப்பர், டை கட் எல்லாம் சேத்தா இன்னும் கொஞ்சம். அப்ப 8 மீட்டர் ரோல் மூணு நாலு பக்கத்துக்குத்தான் வரும். 24 ஷீட் இருக்குற ஒரு பேக்குல பக்கத்துக்கு ரெண்டு மூணு ஷீட் போனா கூட எட்டுலருந்து பன்னெண்டு பக்கம் பண்ணலாம். அதாவது ஒரு பேக் பேப்பர முழுசா முடிக்கணும்னா குறைஞ்சது ரெண்டு ரோல், தாராளமா ஓட்டுறவங்களுக்கு மூணு நாலு. ஷெல்ஃப் நிறைய பேக், கையில ஒரு ரோல், இது எந்தக் கணக்குல சேரும்?

சரி, பசைய நம்ம கடைலதான் வாங்கணும்னு என்ன சட்டமா, எந்த ஸ்டேஷனரி கடைலயும் கெடைக்கும், அங்க வாங்கியிருப்பாங்கன்னு மனசுக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி சும்மா இருக்க முடியாம மத்த ரெகுலர் கஸ்டமர்ஸ் ஆர்டரையும் ஒவ்வொண்ணா தெறந்து பாக்க ஆரம்பிச்சேன். ரெண்டு கூட்டம் தெளிவா பிரிஞ்சு வந்துச்சு. ஒரு கூட்டம் பேப்பர் கொஞ்சமா வாங்குது, ஆனா ரீஃபில், பேஜ் ப்ரொடெக்டர், வெள்ளை கார்ட்ஸ்டாக், கட்டிங் ப்ளேடு இதெல்லாம் திரும்பத் திரும்ப வாங்குது. இன்னொரு கூட்டம் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முதல் ஆளா வந்து நிக்குது, ஆனா ப்ளேடு வாங்கினதே இல்ல. என் கடைக்கு நல்லா பணம் வந்துட்டிருந்தது ரெண்டாவது கூட்டத்துலருந்து. நன்றி சொல்லி கார்டு வெச்சு, புது ரிலீஸ்னா ஒரு மணி நேரம் முன்னாடியே லிங்க் அனுப்பி நான் தாங்கிட்டிருந்ததும் அவங்களத்தான். முதல் கூட்டத்துக்கு நான் எதுவுமே ஸ்பெஷலா பண்ணினதில்ல.

மறுநாள் அந்த ஷெல்ஃப் அனுப்பினவங்களுக்கு ஃபோன் பண்ணினேன். திரும்ப எடுக்குறத பத்தி பேசிட்டு, மெதுவா, பசையெல்லாம் வெளிய வாங்கிக்கிறீங்களாம்மான்னு கேட்டேன். சிரிச்சாங்க. "இல்லக்கா, நீங்க மொத மொத அனுப்பினீங்களே அந்த ரன்னர், அதுவே இன்னும் ஓடிட்டிருக்கு." ஏன் பண்ணலன்னு நான் கேக்கல, அவங்களாத்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க. முதல் காரணம் எல்லாரும் சொல்றது, வெட்ட மனசு வரல. இப்ப வர்ற பேப்பர்ல ரெண்டு பக்கமும் டிசைன் இருக்கே, ஒரு பக்கம் பூ, திருப்பினா கோடு, எத உபயோகிச்சாலும் இன்னொண்ணு போயிடுது. ரெண்டாவது, தப்பா வெட்டிட்டா அதே பேப்பர் திரும்ப கெடைக்காதுங்குற பயம். அது வெறும் பயம் இல்ல, நெசம், நிறைய கம்பெனி ஒரு கலெக்‌ஷன ஒரு தடவதான் அச்சடிப்பாங்க, தீர்ந்தா தீர்ந்ததுதான். "லாஸ்ட் ஸ்டாக்"னு சிவப்பு எழுத்துல போட்டு அந்தப் பயத்த வளத்ததுல என்ன மாதிரி கடைங்களுக்கும் பங்கு இருக்கு. அதெல்லாம் கேட்டுட்டு நான், சரி முதல்ல எந்த போட்டோவ வெச்சு ஆரம்பிக்கலாம்னு நெனச்சிருந்தீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெல்ல, "போட்டோ எல்லாம் ஃபோன்லதான்கா இருக்கு, பிரிண்ட் போடல" அப்டின்னாங்க.

எதுவுமே பிரிண்ட் போடலையா? எதுவுமே போடல. கடல் தீம் பேப்பர் வாங்கினது ஒரு ட்ரிப்புக்காக, குழந்தைப் பேப்பர் வாங்கினது குழந்தைக்காக, அந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போகுது. பேப்பர் இருக்கு, ஸ்டிக்கர் இருக்கு, ரன்னர் இருக்கு, ஒட்ட வேண்டிய போட்டோ ஒண்ணு கூட கையில இல்ல. பசை ஏன் தீரலன்னு நான் மண்டைய ஒடச்சிக்கிட்டது தேவையே இல்ல, ஒட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாத வீட்டுல பசை எப்படித் தீரும். நான் விக்கிறது எல்லாமே போட்டோவுக்கு அக்கம்பக்கத்துல வெக்கிற சாமான். போட்டோ பிரிண்ட் மட்டும் என் கடைல கெடையாது, அதப் பத்தி என் சைட்டுல ஒரு வரி கூட இருக்கல. ஃபோன வெச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் இதேதான் ஓடிட்டிருந்துச்சு.

## இந்த ஹாபியே பசையிலருந்து வந்ததுதான்

இத யோசிச்சுட்டிருந்தப்ப தோணினது, ஸ்க்ராப்புக்கோட பழைய கதைய எடுத்துப் பாத்தா அதுல பேப்பர் டிசைன் பத்தின பேச்சு ரொம்பக் கம்மி, எல்லாம் ஒட்டுறதப் பத்தித்தான். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873ல ஸ்க்ராப்புக்குக்கு ஒரு பேட்டன்ட் வாங்கினார். என்ன புதுமைன்னா, பக்கத்துலயே கோந்து பூசியிருக்கும், ஈரம் பண்ணி ஒட்டிட வேண்டியதுதான், கையெல்லாம் பசையாக்கிக்க வேணாம். அவர் பேர்ல மொத்தம் மூணு பேட்டன்ட், மத்தது ரெண்டும் ட்ரெஸ்ஸுக்கு ஒரு பட்டியும் சரித்திரம் ஞாபகம் வெச்சுக்க ஒரு விளையாட்டும், நல்லா வித்தது இந்த ஸ்க்ராப்புக்தான். ஒட்டுற தொல்லைய எடுத்துட்டா ஜனங்க ஆல்பம் பண்ணுவாங்கன்னு அந்தாளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

அதே தொல்லைய எடுக்குறோம்னு வந்ததுதான் நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்குற மேக்னடிக் ஆல்பம். மேக்னட் ஒண்ணும் கெடையாது அதுல, அட்டை மேல கோடு கோடா பசை, மேல ஒரு ப்ளாஸ்டிக் ஷீட், தூக்கி வெச்சு அமுக்கினா ஒட்டிக்கும். ஒரு நிமிஷத்துல ஒரு பக்கம் முடிஞ்சிடும், அதனாலயே 70கள்ல 80கள்ல எல்லாரும் அதத்தான் வாங்கினாங்க. இப்ப அதத் தெறந்து பாருங்க, பசை இருந்த கோடெல்லாம் பழுப்பா போட்டோ பின்னாடி ஏறியிருக்கும், சிலதுல முன்னாடியே தெரியும், போட்டோவ எடுக்கப் போனா அட்டையோட கிழிஞ்சு வரும். பழைய ஆல்பத்த காப்பாத்தணும்னு வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, மொதல்ல இருக்குற நெலமையிலயே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அப்புறம் மெழுகு இல்லாத டென்டல் ஃப்ளாஸ, அதான் பல்லிடுக்கு சுத்தம் பண்ற நூல, போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுங்க, இழுத்து வரலன்னா விட்டுடுங்க. வளச்சு உரிக்கவே கூடாது, போட்டோவோட மேல் பூச்சு வெடிச்சிரும்.

இன்னைக்கு நாம பண்ற மாதிரி ஆல்பம் பரவுனதுக்கு வழக்கமா சொல்ற ஆரம்பம் 1980. சால்ட் லேக் சிட்டில நடந்த ஆவணக் காப்பு பத்தின ஒரு உலக மாநாட்டுல மரிலன் கிறிஸ்டென்சன்னு ஒருத்தங்க குடும்பத்தோட பண்ணின ஐம்பதுக்கும் மேல ஆல்பங்கள கொண்டு வந்து காட்டினாங்க, அடுத்த வருஷமே கடையும் ஆரம்பிச்சாங்க. அவங்க ஆல்பம் பேஜ் ப்ரொடெக்டர்ல போட்டு பைண்டர்ல கோத்தது. எனக்கு இதுல புடிச்சது வரிசைதான். ஐம்பது ஆல்பம் பண்ணிட்டு அப்புறம் கடை போட்டிருக்காங்க. இப்ப கடையும் சரி கஸ்டமரும் சரி நேர் எதிர் பக்கத்துலருந்து ஆரம்பிக்கிறோம்.

## எது காத்திருக்கும், எது காத்திருக்காது

இத ஒரு கடைக்காரத் தோழிகிட்ட சொன்னப்போ அவ ஒத்துக்கவே இல்ல. "ஸ்டாம்ப் சேக்குறவன்கிட்ட போயி ஏன் லெட்டர்ல ஒட்டலன்னு கேப்பியா? சேக்குறதும் ஒரு ஹாபிதான், அதுல அவங்களுக்கு சந்தோஷம் இருக்கு, உனக்கு என்ன வந்துச்சு"ன்னு கேட்டா. அது பாதி நியாயம்னு எனக்கும் படுது. பேப்பரப் பொறுத்தவரைக்கும் முழு நியாயமே. ஆசிட் இல்லாத, பேப்பர மஞ்சளாக்குற லிக்னினும் இல்லாத கார்ட்ஸ்டாக்க வெளிச்சம் படாம, ஈரப்பதம் ஏறி இறங்காத எடத்துல வெச்சா அது பாட்டுக்கு பல வருஷம் இருக்கும். அதுல கால்சியம் கார்பனேட் சேத்திருந்தா இன்னும் நல்லது, பின்னால வர்ற அமிலத்த அது வாங்கிக்கும். நெட்டுக்க நிறுத்தி வெக்கிறவங்க மட்டும் இறுக்கமா வெக்கணும், இடைவெளி விட்டா அடி சாஞ்சு வளஞ்சிடும். படுக்க வெச்சா அந்தப் பிரச்சனை இல்ல, ஆனா அடியில இருக்குறது என்னன்னே மறந்து போயிடும், இருக்குறதையே திரும்ப வாங்குறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

ஆனா ஷெல்ஃப்ல பேப்பர் மட்டுமா இருக்கு. ஸ்டிக்கருக்கு அடியில இருக்குற பசைக்கு வயசு உண்டு, ஓரத்துலருந்து காய ஆரம்பிக்கும், ஒட்டினா ஒட்டின மாதிரி இருந்துட்டு ஒரு வாரத்துல தூக்கிக்கும். ஃபோம் டேப் இன்னும் மோசம், பாலியூரித்தேன் ஃபோமா இருந்தா வருஷம் போகப் போக உதிர்ந்து மாவாயிடும், வாங்குறப்பவே பாலிஎத்திலீன் ஃபோமான்னு பாத்து வாங்குங்க. ரப்பர் பசை போட்ட டேப் மஞ்சளாகி விறைச்சுப் போகும், அக்ரிலிக் பசை அவ்ளோ சீக்கிரம் போகாது. இங்க் பேட் காயும், அதுல சாய மை இருக்குற டை இங்க் பேட்ட தலைகீழா வெச்சா மை மேல்பக்கமே இருக்கும், கொஞ்சம் நாள் கூட வரும். அதனால சேத்து வெச்சிருக்குறவங்க எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, பேப்பர விட்டுடுங்க, ஸ்டிக்கர், ஃபோம், டேப் இத மொதல்ல காலி பண்ணுங்கன்னு சொல்றேன். வாஷி டேப்னு சொல்ற அலங்காரப் பேப்பர் டேப் தனிக் கதை, அது மாஸ்கிங் டேப் வம்சம், உரிச்சா சுத்தமா வரணும்னே செஞ்சது. ஜப்பான்ல எம்.டி. பிராண்ட் வாஷி டேப் செய்யிற காமோய் கம்பெனி 1923ல ஆரம்பிச்சப்போ செஞ்சது ஈ ஒட்டுற பேப்பராம், ஒட்டுறதுலயே பொழப்பு நடத்துறவங்க. அத அலங்காரத்துக்கு ஓட்டுங்க, போட்டோவ தாங்க வெக்காதீங்க, மூலை மூலையா தூக்கும்.

பசையப் பத்தி எழுதுறப்ப "போட்டோவுக்கு பாதுகாப்பு"ன்னு பாக்கெட்ல போட்டிருக்குறத அப்படியே நானும் காப்பி பண்ணிப் போடுறத நிறுத்திட்டேன். அதுமாதிரி வார்த்தைய யாரு வேணாலும் அச்சடிச்சுக்கலாம். நம்பலாம்னா ஒரு டெஸ்ட் இருக்கு, போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்னு பேரு, ஐ.எஸ்.ஓ. 18916 அதோட நம்பர். அந்தப் பசையையோ பேப்பரையோ, போட்டோ எப்படிக் கெடும்னு காட்டுறதுக்குன்னே செஞ்ச ஷீட்டோட சேத்து வெச்சு 70 டிகிரி சூடு, 86 சதவீத ஈரப்பதத்துல 15 நாள் விட்டுடுவாங்க, அப்புறம் கறை புடிச்சிருக்கா, மங்கியிருக்கான்னு அளந்து பாப்பாங்க. சப்ளையர்கிட்ட இந்த டெஸ்ட் பாஸானதா கேட்டா பாதிப் பேரு பதிலே போட மாட்டாங்க, பதில் வந்ததுக்கு மட்டும் பேஜ்ல எழுதுறேன். பேப்பருக்கு நம்மளே பாக்க ஒரு பேனா கெடைக்குது, குளோரோஃபீனால் ரெட்னு ஒரு சாயம் அதுல இருக்கும், கோடு போட்டா ஊதாவா வந்தா அமிலம் இல்ல, மஞ்சளா வந்தா இருக்கு. ஆனா அது கோடு போட்ட எடத்தோட மேல்பரப்ப மட்டும்தான் சொல்லும், லிக்னின் இருக்கா இல்லையான்னு சொல்லாது. ப்ரொடெக்டர் வாங்குறவங்க பி.வி.சி. வாடை அடிச்சா வெச்சுடுங்க, பாலிப்ரொப்பிலீன் இல்லன்னா பாலியஸ்டர் வாங்குங்க. அப்புறம் தண்ணியா இருக்குற வெள்ளைப் பசைய போட்டோ பின்னாடி ரொம்பப் பூசாதீங்க, ஈரத்துல பேப்பர் ஊதி காயறப்ப நெளிஞ்சுக்கும், எவ்ளோ கனமான புத்தகத்த மேல ஏத்தினாலும் அந்த நெளிவு போகாது.

வெட்ட மனசு வராதவங்களுக்கு நான் காட்டுற ஒரே வித்தை, நடுவ எடுத்துடுறது. போட்டோவுக்குப் பின்னாடி வெக்கிற மேட்டுல கண்ணுக்குத் தெரியறது சுத்தி இருக்குற கால் இன்ச் ஓரம் மட்டும்தான், நடுவுல இருக்குறது பூரா போட்டோவுக்கு அடியில மறைஞ்சிருக்கும். அந்த நடுவ கட்டிங் மேட்ல வெச்சு கத்தியால எடுத்துட்டா அதே ஷீட்டுலருந்து டேக், தலைப்பு எழுத்து, சின்ன பூ எல்லாம் வெட்டிக்கலாம், ரெண்டு பக்க டிசைன் பேப்பர்னா அந்தத் துண்டத் திருப்பி வெச்சா பின்பக்க டிசைனும் பேஜ்ல வந்துடும். ஷீட்டோட ஓரத்துல கம்பெனி பேரு, டிசைன் பேரு போட்ட ஒரு பட்டை வருமே, அதோட பின்பக்கத்துல பெரும்பாலும் குட்டி டிசைன் இருக்கும், அத கிழிச்சு குப்பைல போடாதீங்க. இத செஞ்சு காட்டின அன்னைக்கு எத்தன பேரு "அய்யோ இத்தன நாள் தெரியலையே"ன்னாங்க. எனக்கென்னமோ, ஒரு தடவ அந்த நடுத்துண்ட வெட்டி எடுத்தவங்களுக்கு பேப்பர் மேல இருக்குற அந்த பக்தி கொஞ்சம் கொறைஞ்சு போயிடுது.

## கடைல மாத்தினது

பிரிக்காத பேக்க திரும்ப எடுத்துக்கிட்டேன், எல்லாத்தையும் இல்ல, பாதிய. மீதிப் பாதிய அவங்கள வெச்சுக்கச் சொன்னேன், கூடவே ஃபோன்லருந்து பத்து போட்டோ மட்டும் பிரிண்ட் போடுங்க, பத்துக்கு மேல வேணாம்னும் சொன்னேன். பத்து போட்டோன்னா மூணு பக்கம், இருக்குற ரோலே போதும். திரும்ப வந்த பேக்க பிரிச்சு, ஆறு ஆறு ஷீட்டா சேத்து, தீர்ந்து போன பழைய கலெக்‌ஷன்னு தனியா ஒரு செக்‌ஷன் போட்டேன். ஒரு ஷீட்டு தப்பா வெட்டிட்டு அதே டிசைன தேடி அலையறவங்க எவ்ளோ பேரு இருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. பேக்கிங் வேலைதான் கொடுமை. 12 இன்ச் ஷீட் 30 சென்டிமீட்டர் சொச்சம், ஏ4 கவர்ல அடங்காது, ஆறு ஷீட்டுன்னாலும் ரெண்டு பக்கமும் அட்டை வெச்சுத்தான் அனுப்பணும். நெறைய கூரியர்ல எடைக்குப் பதிலா நீளம் அகலம் உயரத்தப் பெருக்கி 5000த்தால வகுத்துப் போடுவாங்க, 33க்கு 33க்கு 5 பாக்ஸ்னா உள்ள அரை கிலோ கூட இல்லாட்டியும் ஒரு கிலோவுக்கு மேலன்னுதான் பில்லு வரும். தனி ஷீட்டு விக்காதே, நஷ்டம்னு இந்தத் தொழில்ல இருக்குற எல்லாரும் சொல்றது சும்மா இல்ல.

ஒவ்வொரு பேப்பர் பேக் பேஜ்லயும் இப்ப ரெண்டு வரி சேத்திருக்கேன், இத வெச்சு ஏறக்குறைய எத்தன பக்கம் பண்ணலாம், அதுக்கு எத்தன மீட்டர் டேப் வேணும், எத்தன போட்டோ பிரிண்ட் போடணும். "லாஸ்ட் ஸ்டாக்" சிவப்பு எழுத்த எடுத்துட்டேன், ஸ்டாக் எவ்ளோ இருக்குன்னு நம்பர் மட்டும் இருக்கும். வியாபாரம் என்னாச்சுன்னு கேப்பீங்க. ரிலீஸ் அன்னைக்கு வர்ற அலை அடங்கிடுச்சு, அது உண்மைதான், முன்ன மாதிரி ஒரே நாள்ல தீர்றதில்ல. அதுக்கு பதிலா நடுவுல, ஒரு விசேஷமும் இல்லாத நாள்ல சின்னச் சின்ன ஆர்டரா வருது, ரீஃபில், ப்ரொடெக்டர், ரெண்டு ஷீட் வெள்ளை கார்ட்ஸ்டாக். லாபம்னு பாத்தா இதுல பெருசா ஒண்ணும் நிக்காது, பேக் பண்ற நேரம் அதிகம், தோழி இன்னும் என்ன கிண்டல் பண்றா. நோகாம ரெண்டாவது கூட்டத்த கையில வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கலாம்தான். ஆனா ஒட்டின டேப் சரியில்லன்னு திட்டி வர்ற மெயிலப் படிக்கிறப்ப எனக்கு கோவமே வர்றதில்ல, யாரோ ஒட்டிட்டுத்தானே திட்டுறாங்க.

இப்ப அடுத்த சீசனுக்கான ப்ரீ ஆர்டர் ஷீட் வந்து கெடக்கு. பேப்பர கையில தொட்டுப் பாக்காம, வெறும் படத்தப் பாத்துட்டு இத்தன பேக்னு நம்பர் போடணும், எப்பவும் அப்படித்தான். கலெக்‌ஷன் என்னமோ நல்லாத்தான் இருக்கு. போன தடவ போட்டதுல பாதிதான் போட்டிருக்கேன், சேல்ஸ் ஆளு ரெண்டு தடவ கூப்பிட்டு "மேடம் நம்பர் தப்பா விழுந்துடுச்சா"ன்னு கேட்டுட்டார். அதவிட எனக்கு இப்ப பெரிய தலைவலி ரீஃபில்தான். ஒரே கம்பெனி ரன்னர்லயே பழைய மாடல் ரீஃபில் புதுசுக்கு சேர மாட்டேங்குது, வாங்குறவங்க பாதிப் பேரு தப்பா ஆர்டர் பண்ணிட்டு திருப்பி அனுப்புறாங்க. எந்த ரன்னருக்கு எந்த ரீஃபில்னு போட்டோவோட ஒரு சார்ட் போடணும், இந்த வாரம் அதுதான் வேலை. உங்ககிட்ட பழைய ரன்னர் இருந்தா மூடியக் கழட்டி உள்பக்கம் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்தப் பல்லுச் சக்கரம் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சாலே போதும்.